பூசணிக்காய் தாங்கிய வடம்

ராஜா கதை கேட்டுக் கேட்டு உங்களுக்குச் சலித்துப் போயிருக்கும். சொல்லிச் சொல்லி எனக்கும் சலித்துவிட்டது. அதனால் இன்றைக்கு ஒரு வியாபாரியின் கதை. பின்னால் உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள் யாரும் எழுந்து போக வேண்டாம். இது ரொம்பப் பழைய காலத்துக் கதை, உங்களைச் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் கிழக்குக் கரையில் பவளத்துறை என்று ஒரு பட்டினம் இருந்தது. இப்போது போய்த் தேடாதீர்கள், கடல் அதை எப்போதோ தின்றுவிட்டது. நம் ஊர்க் கப்பல்கள் அங்கிருந்து போயின. சீனத்துக் கப்பல்கள் அங்கே வந்தன. போகிற கப்பலுக்கும் வருகிற கப்பலுக்கும் நங்கூர வடம் விற்றவன் ஒரே ஒருவன்தான். அவன் பெயர் குணதத்தன்.

பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். தொட்டிலில் கிடக்கும்போது வைத்த பெயர் அது. அப்போது யாருக்கு என்ன தெரியும்?

நங்கூர வடம் என்றால் சாதாரணக் கயிறு அல்ல. தேங்காய் நாரைத் திரித்து, முறுக்கி, ஆள் தொடைப் பருமனுக்குச் செய்வது. ஒரு முனையில் நங்கூரக் கல், மறுமுனையில் கப்பல். புயல் அடிக்கும்போது கப்பலில் இருக்கும் அத்தனை பேர் உயிரும் அந்த வடத்தில்தான் இருக்கும்.

அதனால் பவளத்துறையில் வடத்துக்கு ஒரு சோதனை வைத்திருந்தார்கள். தொங்கல் என்று அதற்குப் பெயர். துறைமேட்டின் விளிம்பில், கப்பலிலிருந்து மூட்டை இறக்குவதற்காக ஒரு பெரிய துலாமரம் நின்றது. விற்கப்போகும் வடத்தை அதன் நுனியில் கட்டுவார்கள். வடத்தின் கீழே நங்கூரக் கல்லைக் கட்டுவார்கள். அந்தக் கல்லின் மேல் வடம் விற்பவனோ அவன் வீட்டு ஆளோ ஏறி உட்கார வேண்டும். பிறகு துலாமரத்தைச் சுழற்றி, கல்லையும் ஆளையும் கடலுக்கு மேலே கொண்டுபோய்த் தொங்கவிடுவார்கள். கீழே முழுக்கப் பாறை. ஆள் முழுசாகத் திரும்பி வந்தால் வடம் நல்ல வடம்.

இது முன்னோர்கள் வைத்த வழக்கம். முன்னோர்களுக்கு முழங்கால் வலி கிடையாது போலிருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகள் வந்து, ஆள் எதற்கு, கல் மட்டும் போதுமே என்றார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் வந்து, இவ்வளவு பெரிய கல்லா, வடத்துக்கு வலிக்காதா, சின்னக் கல் போதுமே என்றார்கள். குணதத்தன் காலத்தில் சின்னக் கல்லும் போய், அந்த இடத்தில் ஒரு பூசணிக்காய் வந்து சேர்ந்தது.

சும்மா பூசணிக்காய் இல்லை. குங்குமம் தடவி, மாலை போட்டு, மேளதாளத்தோடு தொங்கவிடுவார்கள். எந்த வடமும் அந்தப் பூசணிக்காயைக் கீழே போட்டது கிடையாது. வணிகர் சபைத் தலைவர் அண்ணாந்து பார்த்து, "தாங்குது, தாங்குது" என்று சொல்லிவிட்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

பூசணிக்காயைத் தாங்குவதற்குப் புது நார் எதற்கு என்று குணதத்தன் யோசித்தான். கப்பல்காரர்கள் கழித்துப்போட்ட பழைய வடங்களை வாங்கினான். உப்பில் ஊறி, வெயிலில் வெந்து, விரலால் நசுக்கினால் கறுப்புத் தூளாக உதிர்கிற நார். அதை உள்ளே வைத்து, மேலே புது நாரைச் சுற்றி முறுக்கினான். வெளியே பார்த்தால் பொன் மாதிரி மின்னும். கிடங்குக் கதவைச் சாத்திக்கொண்டு, ஊர் தெரியாத இரண்டு கூலி ஆட்களை வைத்து, முன்னால் நின்று அவனே செய்தான். அவன் ஒரே மகன் ஆதனுக்குக்கூட இது தெரியாது.

பணம் குவிந்தது. ஆனால் குணதத்தனுக்கு ஒரு குறை இருந்தது. சிறந்த வணிகனுக்கு அரசன் எட்டி என்று ஒரு பட்டமும் ஒரு பொற்பூவும் கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம். அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரே ஆசை. பட்டம் வேண்டுமானால் நல்லவன் என்ற பேர் வேண்டும். நல்லவனாக இருப்பது செலவு பிடித்த வேலை. ஆகவே நல்லவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஊரில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் புத்த விகாரத்துத் தேரர் சீலநந்தி. இன்னொருவர் சீன வணிகர் லின், தம் நாட்டில் குங் என்ற ஆசான் காட்டிய வழியில் வாழ்கிறவர். லின் நம் மொழியை ஏட்டில் படித்துக் கற்றுக்கொண்டவர். அதனால் மீன் வாங்கினாலும் செந்தமிழில்தான் வாங்குவார். மீன்காரிகள் அவரைக் கண்டால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

இரண்டு பெரியவர்களுக்கும் ஒத்துப்போகாது. நான், நான் என்கிறோமே, அப்படி ஒருவன் உள்ளே தனியாக உட்கார்ந்திருக்கவில்லை, தேடிப் பாருங்கள் என்பார் தேரர். தனியாக இல்லை என்றால் போகட்டும், மகனாக இருக்கிறான், தந்தையாக இருக்கிறான், வணிகனாக இருக்கிறான், அந்தப் பெயர்களுக்குத் தகுந்தபடி நடந்து காட்டட்டும் என்பார் லின். தினமும் மாலையில் விகாரத்து அரசமரத்தடியில் வாதம் நடக்கும். முன்வரிசையில் குணதத்தன் கண்ணை மூடித் தலையாட்டுவான். பக்கத்தில் ஆதன் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருப்பான்.

ஒருநாள் தேரர் ஒரு கயிற்றுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் சொன்னார். "கயிறு என்கிறோம். பிரித்துப் பார்த்தால் வெறும் நார்தான். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போகிற நார் ஒன்றுகூட இதில் இல்லை. மனிதனும் இப்படித்தான். நேற்று இருந்த அதே ஆள் இன்றைக்கு இல்லை" என்றார். அந்த நேரம் பார்த்துத் துறையில் கப்பல் வந்த சங்கு ஊதியது. குணதத்தன் எழுந்து ஓடிவிட்டான். மிச்சப் பாடத்தை ஆதன் மட்டும் கேட்டான்.

இன்னொரு நாள் லின், "அறம் இல்லத்தில் தொடங்குகிறது. இல்லத்தார் ஒருவர் குறையை ஒருவர் தெருவில் உரைக்காமல் காப்பது இயல்பேயாகும்" என்றார். மறுபடியும் சங்கு. மறுபடியும் குணதத்தன் ஓடினான். அந்த மிச்சமும் ஆதனுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

பாதிப் பாடம் கையில் இருந்தால் போதும் என்பது குணதத்தனின் எண்ணம். பாதிக் கயிறு விற்கிறவனுக்கு அது தோன்றத்தானே செய்யும்?

அந்த ஐப்பசியில் வாடைக்காற்று பேயாட்டம் ஆடியது. துறைக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற ஒரு கப்பல், வடம் அறுந்து, பாறையில் மோதிச் சுக்குநூறானது. ஆட்கள் நீந்திக் கரையேறியது பெரிய புண்ணியம். கப்பலைச் செலுத்திய மீகாமன் பெயர் சேந்தன். சிறுவயதிலிருந்தே கடலில் கிடந்தவன். அறுந்த வடமும் உடைந்த கப்பலும் கடலோடு போய்விட்டதால் சாட்சி ஒன்றும் இல்லை. பூசணிக்காய் தாங்கிய வடம் அறுந்துபோகுமா, மீகாமன் போட்ட முடிச்சுதான் அவிழ்ந்திருக்கும் என்று சபை தீர்ப்புச் சொன்னது. சேந்தன் இனி எந்தக் கப்பலிலும் சுக்கானைத் தொடக் கூடாது என்றார்கள்.

கப்பலைச் செலுத்தியவன் துலாமரத்தில் மூட்டை இறக்கும் கூலியானான். பழைய மாலுமிகள் அவனைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள். அந்த அவமானம் அவனைத் தின்றது.

அவன் குணதத்தன் வீட்டு வாசலுக்கு வந்தான்.

"செட்டியாரே, வடம் அறுந்தப்ப நான் என் கண்ணால பாத்தேன். உள்ள கன்னங்கரேல்னு பழைய நாரு. சபையில வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. என் முடிச்சு அவிழலைன்னு சொன்னாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

குணதத்தன் கண்ணை மூடிக்கொண்டான். "சேந்தா, அந்த வடத்தை வித்தது யாரு?"

"நீங்கதான்."

"அங்கதான் நீ தப்புப் பண்றே. வித்தது ஆவணி மாசத்துக் குணதத்தன். அவன் நார் நாராப் பிரிஞ்சு போயிட்டான்பா. இப்ப உன் முன்னால உக்காந்திருக்கிறது ஐப்பசிக் குணதத்தன். இவன் உனக்கு ஏதாவது வித்தானா? சொல்லு."

சேந்தன் திகைத்துப் போனான். "அப்ப அந்த ஆளை எங்க போய்ப் பிடிக்கிறது?"

"பிடிக்கவே முடியாதுன்னுதான் தேரர் சொல்றாரு" என்றான் குணதத்தன், மிகுந்த வருத்தத்தோடு.

கொஞ்ச நாள் கழித்துச் சேந்தன் மறுபடி வந்தான். இந்த முறை தேரர் பாடத்தை அவனே முந்திக்கொண்டு மறுத்துப் பேசத் தயாராக வந்திருந்தான். குணதத்தன் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

"உனக்கு உதவணும்னு மனசு துடிக்குதுப்பா. ஆனா நான் ஒரு தகப்பன். சபையில நான் வாயைத் திறந்தா என் மகன் பேரு கெட்டுப்போகும். வீட்டைக் காக்கிறதுதான் முதல் தர்மம்னு சீனத்துப் பெரியவரே சொல்லியிருக்காரு. என்ன பண்ணச் சொல்றே? தர்மம் என் கையைக் கட்டிப்போட்டிருக்கே!"

சொல்லும்போது கண்ணில் நீர்கூட வந்தது. அவன் சொந்தப் பேச்சு அவனுக்கே அவ்வளவு பிடித்துவிட்டது.

அன்றைக்கு ஆதன் அப்பனிடம் கேட்டான். "அப்பா, சேந்தன் அண்ணன் சொல்றது நெசமா?"

"உங்கப்பன் அப்படிப்பட்டவனாடா?" என்று குணதத்தன் திருப்பிக் கேட்டான்.

இது பதில் இல்லை, கேள்வி. ஆனால் ஆதன் அதைப் பதிலாகவே எடுத்துக்கொண்டான். பிள்ளைகள் அப்படித்தான், நம்புவதற்கு அவர்களுக்குக் கொஞ்சம் போதும்.

மூன்றாவது முறை சேந்தன் சபைக்கே போனான். சபைத் தலைவர் குணதத்தனைக் கூப்பிட்டு விசாரித்தார். குணதத்தன் ஆவணி, ஐப்பசிக் கதையை எடுத்து விட்டான். சபைத் தலைவர் புத்திசாலி. அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தவர். மீசையைத் தடவிக்கொண்டு ஒரு மடக்கு மடக்கினார்.

"சரி, வித்தவன் போயிட்டான். அப்ப அவன் கிடங்கும் வீடும் உமக்கு எப்படி ஐயா வரும்? நீர் வேற ஆளாச்சே! சபை எடுத்துக்கலாமா?"

சபை சிரித்தது. இதோடு கதை முடிந்தது என்றுதானே நீங்களும் நினைக்கிறீர்கள்? இந்த மாதிரிக் கதையை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். குணதத்தனும் கேட்டிருந்தான்.

"நல்ல கேள்வி" என்றான் அவன். "நேத்து இருந்த குணதத்தன் இன்னிக்கு இருக்கிற எனக்குத் தகப்பன் மாதிரி. தகப்பன் சொத்து பிள்ளைக்கு வரும், இது உலக வழக்கம். தகப்பன் குறையைப் பிள்ளை ஊர் முன்னால சொல்லக் கூடாது, இது சீனத்துப் பெரியவர் சொன்ன தர்மம். ஆகவே கிடங்கு எனக்கு வருது. அவன் ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா அதை மறைக்க வேண்டிய கடமையும் எனக்கு வருது."

சபையில் யாரோ ஒருவர் கைதட்டினார். இவ்வளவு படித்தவனுக்குப் பட்டம் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது என்று பேச்சு எழுந்தது. அடுத்த தொங்கல் நாளில், அரசன் அனுப்பியிருக்கும் பொற்பூவைக் குணதத்தனுக்குச் சூட்டுவது என்று முடிவு செய்தார்கள். சேந்தன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். வெளியே போய் அழுதான்.

அன்று மாலை அரசமரத்தடியில் வாதம் நடக்கவில்லை. தேரரும் லின்னும் எதிரெதிரே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உம்முடைய பாடத்தால் வந்தது" என்றார் லின்.

"உம்முடைய பாடத்தாலும்தான்" என்றார் தேரர்.

"அவர் பாதி கேட்டார்."

"மீதியைக் கேட்க வைக்க வேண்டும்."

அந்த இரண்டு பேரும் ஒரே பேச்சுக்கு ஒத்துப்போனது பவளத்துறையில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் லின் குணதத்தனிடம் போய், தாயகம் திரும்பும் தம் பெரிய கப்பலுக்கு ஒரு நங்கூர வடம் வேண்டும் என்றார். குணதத்தனுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரிலேயே பெரிய வடம், அதே நாளில் பொற்பூவும்! கிடங்குக் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே என்ன நாரை வைத்தான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தொங்கல் நாள் வந்தது. துறைமேடு முழுக்கக் கூட்டம். துலாமரத்தின் நுனியில் புது வடம் வெயிலில் மின்னியது. ஒரு தாம்பாளத்தில் பொற்பூ. இன்னொரு தாம்பாளத்தில் மாலை போட்ட பூசணிக்காய், கல்யாணப் பெண் மாதிரி வீற்றிருந்தது. துலாமரத்தின் பின்பக்கத்தைக் கூலி ஆட்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவன் சேந்தன். சுழற்றுகிற கை அவனுடையது.

மேளக்காரர்கள் தொடங்கப் போனார்கள். லின் கையை உயர்த்தினார்.

"சபையோரே, எம் நாட்டில் பூசணிக்காயை உண்பார்கள். அதனிடம் சான்று கேட்பதில்லை. உங்கள் முன்னோர் முறைப்படி தொங்கல் நிகழட்டும். நங்கூரக் கல்லும், அதன்மேல் வணிகர் இல்லத்தார் ஒருவரும்."

கூட்டம் ஆரவாரித்தது. வாங்குகிறவர் கேட்டால் பழைய முறையை மறுக்கக் கூடாது என்பது சபை விதி. சபைத் தலைவர் விதியை மறந்தே போயிருந்தார். ஆனால் மறந்துவிட்டேன் என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வார்? சரி என்றார்.

குணதத்தன் முகத்தில் சிரிப்பை விடவில்லை. முதலில், நேரம் சரியில்லை என்றான். சோதிடர் கூட்டத்திலேயே நின்றிருந்தார், நல்ல நேரம்தான் என்று சொல்லிவிட்டார். அடுத்து, முழங்கால் வலி என்றான். உட்காரத்தானே போகிறீர், நடக்கவா போகிறீர் என்று யாரோ கத்தினார்கள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தன் பழைய ஆயுதத்தை எடுத்தான்.

"இந்தக் கல்லு மேல உக்காரப் போற குணதத்தன், வடம் முறுக்கின குணதத்தன் இல்லையே. அப்ப இந்தச் சோதனை எப்படிச் செல்லும்?"

"நல்லதுதானே" என்றார் தேரர். "கீழே விழப் போகிறவரும் நீர் இல்லை. ஏறி உட்காரும்."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இப்போது அவன் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று இரண்டு பெரியவர்களும் காத்திருந்தார்கள். அவர்கள் போட்ட கணக்கு அதுவரைதான்.

சிரிப்பைத் தாங்க முடியாமல் முன்னால் வந்தவன் ஆதன். அவன் முகம் சிவந்திருந்தது.

"எங்கப்பாவைப் பாத்து யாரும் சிரிக்க வேணாம். அவருக்கு உடம்பு சரியில்லை. வீட்டு ஆளுதானே வேணும்? நான் இருக்கேன். எங்கப்பா நல்ல வடம்னு சொன்னா அது நல்ல வடம்தான்."

சொல்லிவிட்டு நேரே போய் நங்கூரக் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்துக்கொண்டான்.

தேரரும் லின்னும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இது அவர்கள் யோசனையில் இல்லை. பாடத்தை முழுசாகக் கேட்ட பையன் அதை நம்பியும் தொலைத்திருக்கிறான் என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. லின், "நிறுத்துக" என்றார். அந்தச் செந்தமிழ் கூட்டத்தின் இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை.

கூலி ஆட்கள் பின்பக்கத்தை அழுத்தினார்கள். கல் தரையை விட்டு எழும்பியது. வடம் இறுகி முனகியது. சேந்தன் துலாமரத்தில் கையை வைத்துக்கொண்டு குணதத்தனைப் பார்த்தான்.

"செட்டியாரே, சுழட்டட்டுமா?"

குணதத்தன் பொற்பூவைப் பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரம். ஒருவேளை தாங்கும். வெளியே சுற்றியது புது நார்தானே, ஒருவேளை தாங்கும்.

"செட்டியாரே, சுழட்டட்டுமா?"

இறுகிய வடத்தின் இடுக்கிலிருந்து ஏதோ உதிர்ந்து ஆதனின் வெள்ளை வேட்டியில் விழுந்தது. கறுப்புத் தூள். ஆதன் அதைத் தூசி என்று நினைத்துக் கையால் தட்டிவிட்டான். மறுபடி விழுந்தது. அது என்ன தூள் என்று அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் குணதத்தன், இன்னொருவன் சேந்தன். ஆதன் தலையை நிமிர்த்தி அப்பனைப் பார்த்து, பயப்படாதீர்கள் என்பது போலச் சிரித்தான்.

சேந்தன் அந்தத் தூளைப் பார்த்தான். மூன்றாவது தடவையாகக் கேட்டான்.

"செட்டியாரே... சுழட்டட்டுமா?"

"வேண்டாம்டா!"

அப்படி ஒரு அலறலை அந்தத் துறை கேட்டதில்லை. குணதத்தன் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினான். தாம்பாளம் தட்டிவிடப்பட்டுப் பொற்பூ எங்கேயோ உருண்டது. முழங்கால் வலிக்காரன் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! போய்க் கல்லை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"உள்ள பழசு! அத்தனையும் மக்கிப்போன பழசு! நான்தான் வச்சேன். நான்தான் முறுக்கினேன். கப்பலுக்கு வித்ததும் நான்தான். சேந்தன் முடிச்சு நல்ல முடிச்சு. எம்புள்ளைய இறக்குங்கடா!"

ஆவணியோடு காணாமல் போன குணதத்தன் இப்படித்தான் கிடைத்தான்.

சேந்தன் கல்லை மெல்லத் தரையில் இறக்கினான். நினைத்திருந்தால் வேறு மாதிரியும் செய்திருக்கலாம். அவன் செய்யவில்லை, அதை மறந்துவிடாதீர்கள். ஆதன் இறங்கியதும் சபைத் தலைவர், கல்லை மட்டும் தொங்கவிடுங்கள், பார்ப்போம் என்றார். துலாமரம் சுழன்று கடலுக்கு மேலே போய் நின்றது. நின்ற மாத்திரத்தில் வடம் டமார் என்று அறுந்து, நங்கூரக் கல் பாறையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. அறுந்த முனை காற்றில் ஆடியது. உள்ளே கன்னங்கரேல் என்று இருந்ததை ஊரே பார்த்தது.

ஆதன் தன் வேட்டியைப் பார்த்தான். பிறகு சேந்தனிடம் போய் அவன் காலில் விழுந்தான். "எங்க வீட்டு வடம்தான் அண்ணே" என்றான். அப்பன் பக்கம் திரும்பவே இல்லை. பூவும் போய், பேரும் போய் நின்ற குணதத்தனுக்கு இதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

அன்றே சேந்தன் கையில் சுக்கான் திரும்பி வந்தது. லின்னின் கப்பலுக்கே அவன் மீகாமனாகப் போனான். ஆதன் கிடங்கைத் திறந்து அத்தனை வடத்தையும் வீதியில் போட்டுப் பிரித்தான். பல நாள் கழித்துத்தான் அவன் வாயிலிருந்து அப்பா என்ற சொல் வந்தது. அதுவரை குணதத்தனுக்குச் சோறு இறங்கவில்லை.

சபை ஒரு தீர்ப்புச் சொன்னது. குணதத்தன் வடம் விற்கலாம், ஆனால் ஒவ்வொரு வடத்துக்கும் கல்லின் மேல் அவனேதான் உட்கார வேண்டும். அன்றிலிருந்து அவன் நாரை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து எடுத்தான். இரண்டு மடங்கு முறுக்கு முறுக்கினான். அறத்தின்மேல் பற்று என்று நினைத்துவிடாதீர்கள், உயிரின்மேல் பற்று. ஆனாலும் நாளடைவில் பவளத்துறை வடம் என்றால் கடல் கடந்தும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். பூசணிக்காய்கள் குழம்புக்குப் போயின.

ஒருநாள் அவன் கடலுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தபோது தேரர் துறைமேட்டில் வந்து நின்றார்.

"குணதத்தரே, நான் என்று ஒன்று இல்லை என்பது இப்போது புரிகிறதா?"

"இங்க உக்காந்து பாருங்க சாமி. நான், நான், நான்னு அது ஒண்ணுதான் தோணுது."

தேரர் சிரித்தார். "உம்முடைய மகன் இதே கல்லில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு அது எங்கே போயிருந்தது? பட்டம், பூ, பேர், முழங்கால், எதுவுமே உமக்கு நினைவில் இல்லையே. வாய் மட்டும் நான்தான், நான்தான் என்று கத்தியது. நீர் கேட்காமல் ஓடிப்போன மிச்சப் பாடம் இதுதான். முழு நீளத்துக்கும் போகிற நார் ஒன்றும் இல்லைதான். ஆனால் ஒரு நாரை அடுத்த நார் பற்றியிருக்கிறது, ஒரு நார் மக்கினால் சுமை கீழே விழுகிறது. ஆவணியில் வைத்த நார் ஐப்பசியில் அறுகிறது."

பக்கத்தில், சீனத்திலிருந்து திரும்பி வந்திருந்த லின் நின்றார். "எம் பாடத்தின் மிச்சமும் அதுவே. அறம் இல்லத்தில் தொடங்கும், இல்லத்தில் முடிவதில்லை. அன்று ஒருநாள்தான் நீவிர் தந்தை என்னும் பெயருக்கு உரியவராக இருந்தீர்" என்றார்.

குணதத்தன் கல்லின் மேல் உட்கார்ந்தபடியே யோசித்தான். யோசிக்க அது நல்ல இடம். எழுந்து ஓட வழி இல்லை.

இந்தக் கதை சொல்வது ஒன்றுதான்: லாபம் வரும்போது நான் என்று முன்னால் வந்து நிற்கிறவன், பழி வரும்போதும் நான்தான் என்று முன்னால் வந்து நிற்க வேண்டும்.